தோள்பட்டை எலும்பு விலகி எழும்புகிறதா? புதிதாகத் தொடங்குவோருக்கான பயிற்சி வழிகாட்டி

கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் நான்காவது சொல்லுக்குள் கை கனத்துவிடுகிறது என்று ஓர் ஆசிரியர் என்னிடம் வந்தார். "கைய யாரோ கீழ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்றார். தோள் மூட்டுக்கு ஸ்கேன் எடுத்திருந்தார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்றுகொண்டு, கையை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொன்னேன். தூக்கும்போது ஓரளவு சரியாகத்தான் இருந்தது. இறக்கும்போது, கை தோள் உயரத்தைத் தாண்டிக் கீழே வரும் இடத்தில், வலது தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் சட்டென்று முதுகைவிட்டு எழும்பியது. தோலுக்கு அடியில் ஒரு தட்டின் விளிம்பு போலத் தெரிந்தது. அந்த எலும்பின் கீழ் முனையில் உள்ளங்கையை வைத்து, விலாவோடு சேர்த்து அணைத்து, மேலும் வெளியுமாக லேசாகத் தள்ளிக் கொடுத்தபடி மறுபடி தூக்கச் சொன்னேன். கை சிரமமில்லாமல் மேலே போனது. "இப்ப என்ன பண்ணீங்க?" என்று திரும்பிப் பார்த்தார்.

அவருடைய தசை செய்ய வேண்டிய வேலையை என் கை செய்தது, அவ்வளவுதான். அந்த வேலையைத் தசைக்கே திரும்பப் பழக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். ஒரு சுவர், ஒரு கட்டில், சுருட்டிய துண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிற்பாடு ஒரு ரப்பர் பேண்ட் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும்.

இந்த எலும்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

தோள்பட்டை எலும்பு ஒரு முக்கோணத் தகடு. பேச்சில் சப்பை எலும்பு என்போம். முதுகின் மேற்பகுதியில், ஏறக்குறைய 2-வது விலாவிலிருந்து 7-வது விலா வரை படர்ந்து கிடக்கிறது. உடம்போடு எலும்பு வழியாக அதற்கு இருக்கும் ஒரே தொடர்பு முன்பக்கத்துக் காறை எலும்புதான். மற்றபடி அது விலாக்கூட்டின்மேல் தசைகளின் பிடியில் மிதக்கிறது என்றே சொல்லலாம். 17 தசைகள் அதில் வந்து ஒட்டுகின்றன.

கையை முழுக்க, அதாவது 180 டிகிரிக்கு, தலைக்கு மேல் தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60 டிகிரி இந்தப் பட்டை எலும்பு விலாவின்மேல் வழுக்கிச் சுழல்வதால் வருகிறது. எலும்பு சுழல மறந்தாலோ, சுழலும்போது விலாவைவிட்டு எழும்பினாலோ, மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்குச் சரியான அடித்தளம் கிடைக்காது. கை கனக்கும், தோளின் முன்புறம் குத்தும், கழுத்துத் தசை இறுகி வலிக்கும், சிலருக்கு முதுகில் 'கடக் கடக்' என்று சத்தம் கேட்கும்.

இரண்டு தசைகளின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு படிக்க வசதியாக இருக்கும். முதலாவது செரேட்டஸ். அக்குளுக்குக் கீழே பக்கவாட்டு விலாக்களில் ரம்பப் பல் வரிசை போலத் தொடங்கி, பட்டை எலும்புக்கு அடியில் புகுந்து, அதன் உள் ஓரத்தில் போய் ஒட்டும் தசை. எலும்பை விலாவோடு அணைத்து வைப்பதும், அதன் கீழ் முனையை வெளிப்பக்கமாக இழுத்துச் சுழற்றுவதும் இதுதான். இரண்டாவது டிரப்பீசியஸ். பின் தலையிலிருந்து நடுமுதுகு வரை பட்டம் போல விரியும் பெரிய தசை. மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதி. மேல் பகுதி தூக்க, கீழ்ப் பகுதி கீழே இழுத்துப் பிடிக்க, செரேட்டஸ் வெளியே இழுக்க, பெரிய மூடியை இரு கையாலும் திருகுவது போல எலும்பு சுழல்கிறது.

பெரும்பாலானவர்களிடம் நான் காண்பது இதுதான்: மேல் டிரப்பீசியஸ் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது; கீழ் டிரப்பீசியஸும் செரேட்டஸும் தாமதமாக விழிக்கின்றன. கூடவே, மார்பின் முன்பக்கம் 3 முதல் 5 வரையுள்ள விலாக்களிலிருந்து வரும் பெக்டோராலிஸ் மைனர் என்ற சிறு தசை இறுகிப்போய், பட்டை எலும்பை முன்னால் கவிழ்த்து வைத்திருக்கும்.

இங்கே ஒரு பரவலான தவறான ஆலோசனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "தோளைப் பின்னால் இழு, கீழே இறக்கு, அப்படியே வைத்துக்கொள்." உடற்பயிற்சிக் கூடங்களிலும் வீடியோக்களிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாள் முழுக்க அப்படி இறுக்கி வைத்துக்கொண்டு, அதே நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்குகிறவர்களின் வலி கூடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கை மேலே போகும்போது பட்டை எலும்பும் மேல்நோக்கிச் சுழன்றே ஆக வேண்டும். அதை ஆணி அடித்தது போல நிறுத்தினால் மூட்டுக்குள் நெருக்கடிதான் மிஞ்சும். நமக்குத் தேவை, விலாவைவிட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டே நகரும் எலும்பு. கீழே வரும் ஒவ்வொரு பயிற்சியும் அதற்காகத்தான்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பட்டை எலும்பு எழும்புவதற்குத் தசைச் சோர்வும் பழக்கக் கோளாறும் மட்டுமே காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. செரேட்டஸுக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து புறப்பட்டு, மார்பின் பக்கவாட்டில் தோலுக்கு அருகிலேயே நீளமாக இறங்குகிறது. கனமான முதுகுப் பை, பலத்த இழுப்பு, அக்குளில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றால் அது அடிபடலாம். டிரப்பீசியஸுக்குப் போகும் நரம்போ கழுத்தின் பக்கவாட்டில் மேலோட்டமாக ஓடுகிறது. அங்கே கட்டி எடுக்கும் சிறிய அறுவையில்கூடப் பாதிக்கப்படலாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை ஒத்திப்போட்டுவிட்டு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்:

- காரணமே இல்லாமல் தோளில் கடும் வலி வந்து, சில நாளோ வாரமோ வாட்டி, அது தணியும்போது கை பலவீனமாகிவிட்டது.
- விபத்துக்கோ, கழுத்து, அக்குள், மார்பு அறுவைக்கோ பிறகு எலும்பு எழும்பத் தொடங்கியது.
- தோள் மூட்டு நழுவிய அனுபவம் உண்டு, அல்லது நழுவப்போவது போன்ற பயம் இருக்கிறது.
- கையில் மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, விரல்களில் பிடிப்புக் குறைவு.
- இரண்டு பக்கமும் எழும்புகிறது, கூடவே கண்ணை இறுக மூடவோ விசிலடிக்கவோ சிரமம். இது பரம்பரையாக வரும் ஒரு தசை நோயின் அடையாளமாக இருக்கலாம்.
- படுத்தாலும் எழுந்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு.

தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், வியர்வை வந்தால் அது வேறு விஷயம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

உங்கள் முதுகை நீங்களே பார்ப்பது

முதுகு நம் கண்ணுக்குத் தெரியாத இடம். அதனால் செல்போனை இடுப்பு உயரத்தில் எங்காவது நிறுத்தி வைத்து, முதுகைக் காட்டி நின்று வீடியோ எடுங்கள். இரண்டு கையிலும் ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ எடை இருக்கட்டும். மூன்று நொடியில் முன்பக்கமாகத் தூக்கி, மூன்று நொடியில் இறக்குங்கள், ஐந்து முறை. அப்புறம் பக்கவாட்டில் ஐந்து முறை. எடை ஏன் என்றால், வெறுங்கையில் ஒழுங்காக இருக்கும் எலும்பு, சிறிது பாரம் ஏறியதும் தன் உண்மையைக் காட்டிவிடும்.

வீடியோவில் இறக்கும் பாதியை உன்னிப்பாகப் பாருங்கள். உள் ஓரமோ கீழ் முனையோ எழும்புகிறதா? தூக்கத் தொடங்கியதுமே தோள் காதை நோக்கி ஏறுகிறதா? ஏதாவது ஓர் இடத்தில் உதறுகிறதா? அடுத்து, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை நீட்டியபடி பலமாகத் தள்ளுங்கள். அப்போது எலும்பு சிறகு போலத் தூக்கினால் செரேட்டஸ்மீது சந்தேகம் வலுக்கும். முன்பக்கம் தூக்குவதைவிடப் பக்கவாட்டில் தூக்கும்போது அதிகம் விலகி, தோளும் தாழ்ந்து தொங்கினால் டிரப்பீசியஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும் மனிதர்கள் குறைவு. அதிகம் பயன்படுத்தும் கையின் தோள் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். வலியோ பலவீனமோ இல்லாத பலருக்கும் பட்டை எலும்பு லேசாக எழும்பும். வீடியோவைப் பார்த்துப் பயந்து, இல்லாத நோயைத் தேட வேண்டாம். வலி, சீக்கிரம் வரும் சோர்வு, செய்ய முடியாத வேலை இவற்றோடு சேர்ந்து வந்தால்தான் அந்த எழும்பல் முக்கியம்.

முதல் படி: தசையை எழுப்புவது (1, 2-ஆம் வாரம்)

எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டிப் போகும் படி இது. பார்வைக்குப் பயிற்சி மாதிரியே தெரியாது, வியர்க்காது. ஆனால் இது சரியாக வராதவருக்கு அடுத்த படிகளில் போடும் உழைப்பு முழுக்க மேல் டிரப்பீசியஸுக்கே போய்ச் சேரும்.

மல்லாந்து படுத்துக் கூரையைக் குத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள். முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். பாதிக்கப்பட்ட கையை நேராகக் கூரையை நோக்கி நீட்டுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. இப்போது கையின் நீளம் மாறாமல், முஷ்டியை மட்டும் இன்னும் இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குத் தள்ளுங்கள். பட்டை எலும்பு தரையைவிட்டுக் கழன்று விலாவைச் சுற்றி முன்னால் வருவதை உணர்வீர்கள். மூன்று நொடி நிறுத்தி, மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் தரைக்குத் திரும்ப விடுங்கள். பத்து முறை.

இதில் படுத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உடம்பின் எடையே எலும்பைத் தரையோடு அழுத்தி வைப்பதால் அது கண்டபடி எழும்ப இடமில்லை. மற்றொரு கையின் விரல்களை அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டு விலாவில் வைத்துப் பாருங்கள். தள்ளும் கணத்தில் விரலடியில் சிறு சிறு பட்டைகளாக ஏதோ இறுகும். அதுதான் செரேட்டஸ். முதல் நாள் ஒன்றுமே தட்டுப்படாமல் போகலாம். அந்த ஆசிரியருக்கு நான்காம் நாள்தான் தட்டுப்பட்டது. அதுவரை அவர் முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து இறுகினால் நிறுத்தி, வாய் வழியாக ஒரு நீண்ட மூச்சு விட்டு, பாதி பலத்தில் மறுபடி செய்யுங்கள். பல நேரம் பலத்தைக் குறைத்ததுமே சரியான தசை முன்வரும்.

அடுத்தது கடிகாரம். சுவர் பக்கம் திரும்பி நின்று, தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுவரில் ஊன்றுங்கள். உள்ளங்கை நகரக் கூடாது, முழங்கை மடங்கக் கூடாது. பட்டை எலும்பை மட்டும் 12 மணிப் பக்கம் மேலே, 6 மணிப் பக்கம் கீழே, பிறகு 3-க்கும் 9-க்கும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒவ்வொரு திசைக்கும் ஐந்து முறை. 6 மணிதான் பலருக்கும் வராது. வீட்டில் ஒருவரை எலும்பின் கீழ் முனையில் விரல் வைத்து, "இந்தப் பக்கம் இறங்கு" என்று சொல்லச் சொன்னால் உடம்புக்கு உடனே புரியும். விரல் தொட்ட இடத்தை நோக்கி நகர்வது மூளைக்குச் சுலபம்.

மூன்றாவது, மேசையைப் பின்னால் தள்ளுவது. இடுப்பு உயர மேசைக்கு முதுகைக் காட்டி, ஒட்டி நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை மேசை விளிம்பில் வையுங்கள். மார்பை லேசாக நிமிர்த்தி, உள்ளங்கையால் விளிம்பைப் பின்னோக்கி அழுத்துங்கள். கை நகராது, பட்டை எலும்பு மட்டும் முதுகுத்தண்டை நோக்கியும் கீழேயும் அணையும். ஐந்து நொடி, பத்து முறை. கையைத் தூக்கவே வலிக்கும் என்பவர்கள்கூட இதைச் செய்யலாம், கை இடுப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால்.

இவற்றோடு மார்பின் முன்பக்கத்தை இளக்க வேண்டும். கதவு நிலையில் முன்கையை ஊன்றி, முழங்கையைத் தோளைவிடச் சற்று மேலே வைத்து, ஒரு காலை முன்வைத்து, மார்பு விரிவது தெரியும்வரை உடம்பை மெல்ல முன்னால் கொண்டுபோங்கள். 30 நொடி, மூன்று முறை. இழுப்பு மார்பில் தெரிய வேண்டும். தோள் மூட்டின் முன்புறம் தெரிந்தால் முழங்கையை இறக்குங்கள் அல்லது விட்டுவிடுங்கள். மூட்டு ஏற்கெனவே முன்பக்கம் நழுவியவர்களும், இயல்பிலேயே மூட்டுகள் நெகிழ்வாக உள்ளவர்களும் இந்த நீட்டலைச் செய்யவே வேண்டாம். அவர்களுக்கு இருக்கும் பிடிப்பும் போய்விடும்.

முதுகும் நிமிர வேண்டும். கூன் விழுந்த விலாக்கூட்டின்மேல் எந்த எலும்பும் ஒழுங்காக வழுக்காது. சுருட்டிய துண்டை நடுமுதுகுக்குக் குறுக்கே வைத்து அதன்மேல் மல்லாந்து, நிதானமாகப் பத்து மூச்சு விடுங்கள். போதும்.

முதல் படியைக் காலையும் மாலையும் என ஒரு நாளைக்கு இரண்டு முறை, தலா பத்து நிமிடம் செய்யலாம்.

இரண்டாம் படி: சுவரும் கட்டிலும் (3 முதல் 6 வாரம்)

கூரைக் குத்தில் கழுத்து இறுகாமல் பதினைந்து முறை வந்துவிட்டதா? சரி, இனி எழுந்து நிற்கலாம்.

சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, தோள் அகலத்தில் உள்ளங்கைகளை ஊன்றுங்கள். முழங்கையை நீட்டியே வைத்து, மார்பைச் சுவரை நோக்கித் தொய்யவிடுங்கள். பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும். பிறகு மேல்முதுகைச் சுவரிலிருந்து விலக்கித் தள்ளுங்கள், இரண்டும் அகலும். "சுவரைத் தள்ளு" என்று சொன்னால் எல்லாரும் தோளை உயர்த்திவிடுகிறார்கள். "உன் முதுகைச் சுவரிலிருந்து தூரமாக அனுப்பு" என்று சொன்னால் செரேட்டஸ் வந்துவிடுகிறது. ஏனென்று கேட்டால், கவனம் கையைவிட்டு முதுகுக்குப் போவதுதான் காரணமாக இருக்க வேண்டும். இது நன்றாக வந்த பிறகு முழங்கையையும் மடக்கி, சுவர்த் தண்டாலாகச் செய்து, ஒவ்வொரு முறையும் மேல் நிலையில் அந்தக் கூடுதல் தள்ளலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் எனக்கு மிகவும் பிடித்தது சுவர் வழுக்கல். இரண்டு முன்கைகளையும், சுண்டுவிரல் பக்கம் சுவரில் படும்படி, தோள் அகலத்தில் வையுங்கள். முழங்கை தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே. ஒரு கால் முன்னே. முதலில் முன்கைகளால் சுவரை லேசாக அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை விடாமல், உடம்பின் எடையை முன்காலுக்கு மாற்றியபடி, கைகளை மேல்நோக்கி வழுக்கிக்கொண்டு போங்கள். சுவர் சொரசொரப்பாக இருந்தால் முன்கைக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய துணி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தோள் உயரத்தைத் தாண்டியதும் பட்டை எலும்புகளின் கீழ் முனைகள் அக்குளை நோக்கிச் சுழன்று போக வேண்டும். உச்சியில் இரண்டு நொடி நின்று, அதே அழுத்தத்தோடு மெதுவாக இறங்குங்கள். இறங்கும் வழியில்தான் எலும்பு நழுவப் பார்க்கும். அதனால் ஏறுவதற்கு இரண்டு நொடி என்றால் இறங்குவதற்கு நான்கு நொடி. கை 120 டிகிரிக்கு மேல் போகும் பகுதியில் செரேட்டஸுக்கு நல்ல வேலை இருப்பதால், வலி அனுமதித்தால் அந்த உயரம்வரை போய் வாருங்கள்.

இங்கே தோள் கொஞ்சம் மேலே ஏறினால் பதற வேண்டாம். தோள் உயரத்துக்கு மேல் கை போகும்போது அது ஏறத்தான் வேண்டும். தொடங்கும்போதே காதைத் தொடுமளவுக்கு ஏறுவதைத்தான் நாம் தடுக்கிறோம்.

கட்டில் பயிற்சிகள் இரண்டு. நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, முன்கையைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். துண்டு விழக் கூடாது. முதலில் வெறுங்கை, அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மற்றது, கட்டில் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, முழங்கை மடங்காமல் இடுப்பு உயரம்வரை பின்னால் தூக்குவது. உடம்பின் மட்டத்தைத் தாண்டித் தூக்கினால் தோளின் தலை முன்னால் கவிழ்ந்துவிடும். ஆகவே மட்டத்தோடு நிறுத்துங்கள். இந்த இரண்டிலும் மேல் டிரப்பீசியஸ் அதிகம் மூக்கை நுழைக்காமல் நடுப் பகுதியும் கீழ்ப் பகுதியும் வேலை செய்கின்றன. அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 வரை, இரண்டு அல்லது மூன்று செட், ஒரு நாளைக்கு ஒரு வேளை.

மூன்றாம் படி: பாரம் ஏற்றுவது (7 முதல் 12 வாரம்)

சுவர்த் தண்டாலைச் சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து முழங்கால் ஊன்றிய தரைத் தண்டாலுக்கும், கடைசியில் முழுத் தண்டாலுக்கும் இறக்கிக்கொண்டே வாருங்கள். உயரம் குறையக் குறையப் பாரம் கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் வீடியோ எடுங்கள். இறங்கும்போது எலும்பு எழும்பினால் ஒரு கட்டம் பின்வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுத் தண்டால் இருபது போடுகிறவர் ஒருவரை மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து, எலும்பு எழும்பாமல் தரைக்குத் திரும்பினார்.

குப்புறப் படுத்து, கட்டைவிரல் கூரையைப் பார்க்க, கையைத் தலைக்கு மேல் சாய்வாக, சுமார் 120 முதல் 135 டிகிரிக் கோணத்தில் நீட்டித் தூக்குவது கீழ் டிரப்பீசியஸுக்கான பயிற்சி. கையின் எடையே பலருக்கு அதிகம். காதுப் பக்கம் நெருக்கினாலோ முன்தோளில் வலித்தாலோ இப்போதைக்கு வேண்டாம்.

ரப்பர் பேண்டை ஒரு கனமான மேசைக் காலில் கட்டி, முழங்காலை லேசாக மடக்கிக் குனிந்து, எதிர்க் காலுக்குப் பக்கத்திலிருந்து பேண்டைப் பிடித்து, இடுப்பையும் முதுகையும் திருப்பி நிமிர்ந்தபடி முழங்கையைப் பின்பாக்கெட்டை நோக்கி இழுப்பது இன்னொன்று. காலில் தொடங்கும் பலம் இடுப்பு வழியாக முதுகுக்கு வந்தால் பட்டை எலும்பு தானாக அணைந்துகொள்ளும். தோள் நோயாளிக்குக் கால் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதை ஒரு முறை செய்யக் கொடுத்தால் போதும்.

இந்தப் படியில் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான். தலைக்கு மேல் டம்பெல் தூக்குவது, பந்து எறிவது, நீச்சல் எல்லாம் கடைசி வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக.

எப்போது நிறுத்துவது, எவ்வளவு வலி சரி

எண்ணிக்கையை எலும்புதான் முடிவு செய்ய வேண்டும். பதினைந்து என்று எழுதியிருந்தாலும் ஒன்பதாவதில் அது எழும்பத் தொடங்கினால் அன்றைக்கு எட்டுதான் உங்கள் கணக்கு. களைத்த பிறகு இழுத்துக்கொண்டு செய்யும் ஒவ்வொன்றும் பழைய தவறைத்தான் பழக்கும்.

வலியை 0 முதல் 10 வரை அளந்துகொள்ளுங்கள். செய்யும்போது 3 வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எடையையோ எண்ணிக்கையையோ பாதியாக்குங்கள். விலாப் பக்கமும் பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் வரும் உடற்பயிற்சி வலி நல்ல அடையாளம். மூட்டின் முன்புறம் சுருக்கென்று குத்துவது நல்லதல்ல.

ஒட்டும் டேப் போட்டால் அந்தச் சமயத்துக்கு ஓர் உணர்வு கிடைக்கும். எலும்பு எங்கே இருக்கிறது என்று தோல் நினைவூட்டும். முதல் வாரங்களில் அது உதவலாம். தோளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டும் பெல்ட்டை நாள் முழுக்கப் போட்டுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நாம் எழுப்ப நினைக்கும் தசையை அது தூங்க வைத்துவிடும்.

நரம்பு பாதித்தவர்களுக்கு

மருத்துவர் நரம்பு பாதிப்பு என்று உறுதி செய்திருந்தால் மேலே சொன்ன வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. செரேட்டஸ் நரம்பு தானாகத் தேறுவது உண்டு. ஆனால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஆகலாம். நரம்பிலிருந்து கட்டளை வராத தசையை எத்தனை செட் போட்டும் வளர்க்க முடியாது. அந்தக் காலத்தில் மூட்டு இறுகிப்போகாமல் காப்பதுதான் வேலை: மல்லாந்து படுத்து, நல்ல கையால் பாதித்த கையைப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோய் வருவது, தினமும் இரண்டு மூன்று முறை. கனம் தூக்குவதும் தலைக்கு மேல் வேலையும் வேண்டாம். நரம்பு திரும்புகிறதா என்பதை தசையின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. சோதனையால் மருத்துவர் அவ்வப்போது பார்ப்பார். விலாப் பக்கம் சிறு துடிப்புத் தெரிய ஆரம்பித்ததும் முதல் படியிலிருந்து தொடங்கலாம். நீண்ட காலம் தேறாதவர்களுக்கு வேறொரு தசையை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சைகளும் இருக்கின்றன. அதனால் நம்பிக்கையை விட வேண்டாம்.

பயிற்சி இல்லாத மற்ற 23 மணி நேரம்

ஒரே தோளில் கனமான பை மாட்டுவதை இந்த மூன்று மாதத்துக்காவது நிறுத்துங்கள். கணினியில் வேலை செய்கிறவர்கள் முன்கை முழுவதும் மேசையிலோ நாற்காலியின் கையிலோ தாங்கியிருக்கும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள்; தொங்கும் கை டிரப்பீசியஸை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்து சுவர் வழுக்கல் போட்டால், ஒரே இடத்தில் நிமிர்ந்து உட்கார முயல்வதைவிட அதிகப் பலன் தரும். தூங்கும்போது வலிக்கும் பக்கம் படுக்காமல், நல்ல பக்கமாகப் படுத்து, தலையணை ஒன்றை மார்போடு அணைத்து அதன்மேல் அந்தக் கையை வையுங்கள். கை முன்னால் சரிந்து எலும்பை இழுக்காது.

முதல் வீடியோவை அழித்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே இடம், அதே எடை, அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். பெரும்பாலும் முதலில் மாறுவது கழுத்து இறுக்கம். அப்புறம் கை எவ்வளவு நேரம் களைக்காமல் இருக்கிறது என்பது. எலும்பின் தோற்றம் கடைசியில்தான் மாறும், சிலருக்கு முழுக்க மாறாமலும் போகும். அந்த ஆசிரியருக்கு இன்றும் எடை வைத்து இறக்கினால் உள் ஓரம் லேசாகத் தெரியும். ஆனால் அவர் பலகையை நிரப்பி எழுதுகிறார். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலியிலோ பலத்திலோ கொஞ்சமும் மாற்றமில்லை என்றால், வீடியோக்களை எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டுங்கள். 12 வாரம் முடிந்தவர்கள் சுவர் வழுக்கல், கூடுதல் தள்ளலோடு தண்டால், பேண்ட் இழுப்பு மூன்றையும் வாரத்துக்கு இரண்டு நாள் தொடர்ந்தால் போதும்.